பாதுகாப்பு மென்பொருளை விஎம்களில் தானாகச் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபயர்வால், விபிஎன், ஆன்டிவைரஸ், கணினியைக் கண்காணிக்கும் ஏஜென்ட் போன்றவற்றை எழுதும் குழுக்களில் புதிதாகச் சேர்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பல மெய்நிகர் கணினிகளை எழுப்பி, மென்பொருளை அவற்றில் நிறுவி, ஒன்றோடொன்று பேசவைத்து, நடப்பதைத் தானாகச் சரிபார்க்கும் வேலை இது. மெய்நிகர் கணினியை இனி விஎம் என்றே எழுதுகிறேன். வேலையிடத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்.

எங்களிடம் யூனிட் டெஸ்ட் நிறைய இருக்கிறது. இது எதற்கு?

யூனிட் டெஸ்ட், ஒரு ஃபங்ஷன் சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்கும். ஆனால் பாதுகாப்பு மென்பொருள் பெரும்பாலும் உடைவது மூட்டுகளில்தான். கெர்னலும் (இயங்குதளத்தின் மையக்கரு) ட்ரைவரும் சேரும் இடம், பழைய ஏஜென்ட்டும் எதைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லும் புதிய விதிக்கோப்பும் சேரும் இடம், கணினி எழும்போது எது முதலில் எழுகிறது என்ற வரிசை, இவையெல்லாம் யூனிட் டெஸ்ட்டின் கண்ணுக்குத் தெரியாது.

2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக்கின் ஃபால்கன் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு விதிக்கோப்பு, உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. எண்ணிக்கை மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. காரணம் சின்னது: விதியின் அமைப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, கணினியில் ஓடும் அதன் சென்சாரில் இருந்த நிரல் 20 மட்டுமே கொடுத்தது. அதுவரை வந்த விதிகளிலும் சோதனைகளிலும் 21ஆவது இடத்தில் ‘எதுவானாலும் சரி’ என்ற வைல்ட்கார்டே இருந்ததால் அந்த இடத்தை யாரும் உண்மையில் படிக்கவில்லை. அன்று வந்த கோப்புதான் முதல்முறை அங்கே கைவைத்தது. நினைவகத்தின் எல்லைக்கு வெளியே படித்து கெர்னல் விழுந்தது. கோப்பைச் சரிபார்க்கும் கருவி ஒன்று இருந்தது, அது ‘சரி’ என்று விட்டுவிட்டது. அதே கோப்பை ஒரு விண்டோஸ் விஎம்மில் ஏற்றிவிட்டு அது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்திருந்தால் சில நிமிடங்களில் தெரிந்திருக்கும். இந்த வேலையின் அவசியத்தை யாருக்காவது விளக்க வேண்டியிருந்தால் நான் இந்த ஒரு சம்பவத்தைத்தான் சொல்வேன்.

கன்டெய்னர் வேகமாக எழுகிறதே, அது போதாதா?

கன்டெய்னர்கள் எல்லாம் ஒரே கெர்னலைப் பகிர்பவை. உங்கள் மென்பொருள் கெர்னல் மாட்யூலை ஏற்றினால், பூட் நேரத்தில் வேலை செய்தால், விண்டோஸிலும் ஓட வேண்டுமென்றால் விஎம் இல்லாமல் முடியாது. ஃபயர்வால் விதிகளை மட்டும் முதல் சுற்றில் பார்க்க லினக்ஸின் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (ஒரே கணினிக்குள் தனித்தனி நெட்வொர்க்குகள்) அருமையான வழி. நொடிகளில் முடிந்துவிடும். அதில் தேறியதை அப்புறம் விஎம்முக்கு அனுப்பலாம்.

எத்தனை விஎம் வேண்டும்? எப்படி இணைப்பது?

மூன்றில் தொடங்குங்கள்: பாதுகாக்கப்படுவது, எதிர்முனை, நடுவில் ஒரு ரவுட்டர். நடுவில் ரவுட்டர் வைக்காமல் இரண்டையும் நேராக இணைத்துவிடுகிறார்கள் பலர். நிஜ வாழ்க்கையின் சிக்கல்கள் எல்லாம் நடுவில்தான் இருக்கின்றன. தாமதம், பாக்கெட் தொலைவது, முகவரி மாற்றம், சிறிய எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) எல்லாவற்றையும் அந்த ரவுட்டரில்தான் செயற்கையாக உண்டாக்க முடியும்.

ஓர் உதாரணம். வயர்கார்டு போன்ற விபிஎன் சுரங்கம் வழக்கமான 1500 பைட் ஈதர்நெட்டில் 1420 எம்டியுவோடு ஓடும். நடுவழியில் ஓர் இணைப்பு 1400 பைட்டை மட்டுமே தாங்கும், பெரிய பாக்கெட்டைத் துண்டாக்கியும் அனுப்பாது, ‘பாக்கெட் பெரிது’ என்று திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியையும் யாரோ தடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். பிங் போகும். உள்நுழைவு நடக்கும். பெரிய கோப்பை அனுப்பினால் மட்டும் அப்படியே தொங்கி நிற்கும். வாடிக்கையாளர் ‘விபிஎன் இணைகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை’ என்று சொல்வார். பிங்கோடு நிற்கிற டெஸ்ட் இதை ஒருநாளும் பிடிக்காது. சுரங்கம் வழியாக ஒரு பெரிய கோப்பை அனுப்பி, மறுமுனையில் அதன் ஹாஷைச் சரிபாருங்கள்.

விஎம்களுக்கு எண் வைக்காமல் பெயர் வையுங்கள். ஐபிசெக் விபிஎன் மென்பொருளான ஸ்ட்ராங்ஸ்வானின் சோதனைக் கூடத்தில் மூன், சன் என்று இரண்டு கேட்வேக்கள், அவற்றின் பின்னால் ஆலிஸ், பாப், வெளியிலிருந்து வந்து இணையும் கேரல், டேவ் என்று ஒரு சிறு ஊரே இருக்கிறது. அதே வகை மென்பொருளான லிப்ரெஸ்வானில் ஈஸ்ட், வெஸ்ட். நள்ளிரவில் லாக் படிக்கும்போது ‘கேரலிடமிருந்து மூனுக்கு’ என்பது உடனே புரியும். ‘விஎம்-03இலிருந்து விஎம்-01க்கு’ என்றால் ஒவ்வொரு முறையும் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் புது விஎம் தேவையா?

தேவை, ஆனால் ஒவ்வொரு முறையும் இயங்குதளத்தை நிறுவ வேண்டியதில்லை. பேஸ் இமேஜ் ஒன்றைத் தயார் செய்து படிக்க மட்டும் என்று பூட்டிவையுங்கள். அதன் மேல் க்யூகவ்2 என்ற வட்டுக்கோப்பு வடிவில் ஒரு மெல்லிய அடுக்கைப் போட்டு விஎம்மை எழுப்பினால், டெஸ்ட் எழுதுவதெல்லாம் அந்த அடுக்கில் மட்டுமே விழும். முடிந்ததும் அடுக்கைத் தூக்கி எறிந்துவிடலாம். அடுக்கை உருவாக்க ஒரு நொடி கூட ஆகாது.

இன்னும் வேகம் வேண்டுமென்று, ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை நினைவகத்தோடு ஸ்னாப்ஷாட் எடுத்து அதிலிருந்து மீட்பவர்கள் உண்டு. அதுவும் சரிதான். ஆனால் பாதுகாப்பு மென்பொருளைப் பொறுத்தவரை அங்கே சில பள்ளங்கள் இருக்கின்றன; நான் எல்லாவற்றிலும் விழுந்திருக்கிறேன்.

முதலாவது கடிகாரம். ஸ்னாப்ஷாட் மூன்று வாரம் பழையது என்றால், எழுந்தவுடன் விஎம் மூன்று வாரம் பின்னால் இருக்கும். நேற்று வழங்கிய சான்றிதழை ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று தள்ளிவிடும். கெர்பெராஸ் என்ற உள்நுழைவு நெறிமுறைக்கு வழக்கமாக ஐந்து நிமிட வித்தியாசம்தான் வரம்பு. எழுந்ததும் முதல் வேலையாக நேரத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் டெஸ்ட்டைத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, அடையாளம். ஒரே இமேஜிலிருந்து எழுந்த எல்லா லினக்ஸ் விஎம்களுக்கும் ஒரே மெஷின்-ஐடி இருக்கும். சில விநியோகங்கள் ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வரிடம் தங்களை அறிமுகப்படுத்த அதைத்தான் பயன்படுத்துகின்றன. நெட்வொர்க் அட்டையின் மேக் முகவரி வேறாக இருந்தும் இரண்டு விஎம்களுக்கு ஒரே ஐபி கிடைக்கும், நெட்வொர்க் விட்டுவிட்டு வேலை செய்யும், நாமோ நம் ஃபயர்வாலில் குறை தேடிக்கொண்டிருப்போம். இமேஜை மூடும் முன் மெஷின்-ஐடி கோப்பைக் காலி செய்துவிடுங்கள். தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் ஹோஸ்ட் சாவிகளை அழித்துவிடுங்கள்.

மூன்றாவது, ரேண்டம் எண்கள். ஒரே ஸ்னாப்ஷாட்டிலிருந்து இரண்டு முறை எழுந்தால், இரண்டு முறையும் ஒரே ‘எதேச்சை’ எண் வரக்கூடும். 2010இல் தாமஸ் ரிஸ்டன்பார்ட், ஸ்காட் யிலெக் என்ற இரு ஆய்வாளர்கள் இப்படி மீட்கப்பட்ட விஎம்மில் ஓடும் டிஎல்எஸ் சர்வரிடமிருந்து டிஎஸ்ஏ அந்தரங்கச் சாவியையே எடுத்துக்காட்டினார்கள். விஎம் மீட்கப்பட்டதை உள்ளே இருக்கும் கெர்னலுக்கு அறிவிக்க விஎம்ஜென்ஐடி என்ற வசதி இருக்கிறது. லினக்ஸ் கெர்னல் 2022இல் வந்த 5.18 பதிப்பிலிருந்து அதைக் கேட்டு எண்களைப் புதுப்பித்துக்கொள்கிறது. உங்கள் மென்பொருள் சாவி உருவாக்குகிறது என்றால் இதைச் சோதனைக்கான தொந்தரவாக மட்டும் பார்க்காதீர்கள். இதற்கென்றே தனியாக ஒரு டெஸ்ட் எழுதுங்கள்: ஒரே ஸ்னாப்ஷாட்டை இரண்டு முறை எழுப்பி, இரண்டிலும் ஒரு சாவி உருவாக்கி, இரண்டும் வேறு வேறா என்று பாருங்கள்.

ஃபயர்வால் எல்லாவற்றையும் அடைத்துவிட்டால், விஎம்முக்கு எப்படிக் கட்டளை அனுப்புவது?

எஸ்எஸ்எச்சை நம்பி இருந்தால் இதுதான் நடக்கும். சோதிக்கப்படும் பாதையும் கட்டளை போகும் பாதையும் ஒன்றாக இருக்கக் கூடாது. சிலர் எஸ்எஸ்எச்சுக்கு மட்டும் விதியில் விலக்கு வைக்கிறார்கள். அப்போது நீங்கள் சோதிப்பது வாடிக்கையாளர் பயன்படுத்தாத ஒரு ஃபயர்வாலை. லினக்ஸில் விஎம்களை ஓட்டும் கேவிஎம்மில், விஎம்முக்குள் ஓடும் க்யூஎமு கெஸ்ட் ஏஜென்ட் விர்ட்டியோ சீரியல் என்ற மெய்நிகர் சீரியல் இணைப்பு வழியாகப் பேசுகிறது, நெட்வொர்க்கைத் தொடுவதே இல்லை. அதுவும் இல்லையென்றால் சீரியல் கன்சோலில் நேராகத் தட்டலாம். மெதுவானது, ஆனால் எதற்கும் அசையாது.

எல்லா டெஸ்ட்டும் பச்சையாக இருக்கிறது. நம்பலாமா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பாதுகாப்பு மென்பொருளில் நாம் சோதிப்பதில் பாதி, ஏதோ ஒன்று ‘நடக்கவில்லை’ என்பதை. இணைப்பு கிடைக்கவில்லை, கோப்பு திறக்கவில்லை, பாக்கெட் வெளியே போகவில்லை. நடக்காமல் இருப்பதற்குப் பாதுகாப்பைத் தவிர ஆயிரம் காரணம் இருக்கலாம்.

நான் வேலை செய்த ஒரு குழுவில் ‘8443 போர்ட் தடுக்கப்பட வேண்டும்’ என்று ஒரு டெஸ்ட் இருந்தது. ஒரு விஎம்மில் சிறிய சர்வர், இன்னொன்றிலிருந்து அதை அழைக்கும் கட்டளை. அழைப்பு தோற்றால் டெஸ்ட் பாஸ். பல வாரங்கள் தொடர்ந்து பாஸ் ஆனது. ஒருநாள் வேறு வேலையாக அந்த விஎம்முக்குள் போனபோது தற்செயலாகப் பார்த்தேன்: இமேஜைப் புதுப்பித்தபோது சர்வர் நிரலுக்குத் தேவையான ஒரு பேக்கேஜ் விடுபட்டுப் போயிருந்தது. சர்வர் எழவே இல்லை. அத்தனை வாரமும் தடுக்க அங்கே ஒன்றுமே இல்லை. சர்வரைச் சரிசெய்து ஓட்டினால், ஐபிவி6 வழியாக இணைப்பு தாராளமாகப் போகிறது. விதி ஐபிவி4க்கு மட்டுமே எழுதப்பட்டிருந்தது. அன்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அப்போதிலிருந்து ஒவ்வொரு தடுப்பு டெஸ்ட்டையும் மூன்று படியாக எழுதுகிறேன். விதி இல்லாமல் அழைத்தால் இணைப்பு கிடைக்க வேண்டும். விதியைப் போட்டபின் கிடைக்கக் கூடாது. விதியை எடுத்தபின் மறுபடியும் கிடைக்க வேண்டும். முதலும் மூன்றாவதும் தேறவில்லை என்றால் நடுவில் இருப்பதற்கு அர்த்தமே இல்லை. தோற்ற விதத்தையும் பாருங்கள். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்பதும் ‘நேரம் முடிந்தது’ என்பதும் ‘கட்டளையே இல்லை’ என்பதும் வெவ்வேறு பதில்கள். மூன்றையும் ‘தோல்வி’ என்ற ஒரே கூடையில் போட்டதுதான் எங்கள் தவறு.

இன்னொன்று: மென்பொருள் தன்னைப் பற்றிச் சொல்வதைச் சாட்சியாக எடுக்காதீர்கள். ‘நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்’ என்று திரை சொல்லலாம், ‘தடுக்கப்பட்டது’ என்று லாக் சொல்லலாம். அந்த லாக்கை எழுதுவதும் குறையுள்ள அதே நிரல்தான். எதிர்முனை விஎம்மில் கோப்பு வந்து சேர்ந்ததா, ஹோஸ்ட்டின் (விஎம்களை ஓட்டும் நிஜக் கணினி) பிரிட்ஜில் பாக்கெட் தெரிகிறதா என்று வெளியே நின்று பாருங்கள். விஎம்களை வைத்துச் சோதிப்பதன் பெரிய லாபமே, வெளியே நிற்க ஓர் இடம் கிடைப்பதுதான்.

விபிஎன் கசியவில்லை என்று எப்படி உறுதிசெய்வது?

பாக்கெட் பிடிப்பதை விஎம்முக்கு உள்ளே செய்யாமல் ஹோஸ்ட்டில் செய்யுங்கள். விஎம் எழும் முன்பே பாக்கெட்டைப் பதிவுசெய்யும் டிசிபிடம்ப்பை, அந்த விஎம்மின் நெட்வொர்க் ஹோஸ்ட்டோடு சேரும் டேப் இடைமுகத்தில் ஓடவிடுங்கள். முழுதும் முடிந்தபின் பதிவை அலசி, சுரங்கத்தின் சர்வருக்குப் போகாத ஒவ்வொரு பாக்கெட்டையும் பட்டியலிடுங்கள். ஏஆர்பி, டிஹெச்சிபி போன்ற உள்நெட்வொர்க் செய்திகள் சிலவற்றை மட்டும் பெயர் சொல்லி அனுமதியுங்கள். மீதி ஒன்று இருந்தாலும் ஃபெயில். டோர் என்ற அநாமதேய நெட்வொர்க் வழியாக மட்டுமே வெளியே பேசும் டெயில்ஸ் இயங்குதளத்தின் தானியங்கிச் சோதனைகள் இப்படித்தான் விஎம்மின் போக்குவரத்தைப் பதிவுசெய்து, டோர் தவிர வேறெதுவும் வெளியேறவில்லை என்று பார்க்கின்றன.

கசிவு வரும் இடங்கள் எனக்குத் தெரிந்தவரை பெரும்பாலும் இவைதான்: கணினி எழுந்து சுரங்கம் அமையும் முன் உள்ள சில நொடிகள், சுரங்கம் அறுந்து மறுபடி இணையும் இடைவெளி, டிஎன்எஸ், ஐபிவி6. விபிஎன் ப்ராசஸைத் திடீரென்று கொன்றுவிட்டு அடுத்த முப்பது நொடி என்ன வெளியே போகிறது என்று பார்க்கும் டெஸ்ட்டை யாரும் விட்டுவிடக் கூடாது.

ஒரு டெஸ்ட் சிலசமயம் பாஸ், சிலசமயம் ஃபெயில். மூன்று முறை ஓட்டி ஒருமுறை தேறினால் போதும் என்று வைக்கலாமா?

வேண்டாம். முதலில் டெஸ்ட்டையே சந்தேகப்படுங்கள்: ‘பத்து நொடி தூங்கு’ என்ற வரிகள் இருந்தால் அவற்றை எடுத்துவிட்டு, சேவை தயாரா என்று கேட்டுக்கொண்டே இருந்து ஒரு காலவரம்புக்குள் பதில் வராவிட்டால் ஃபெயில் என்று மாற்றுங்கள். ஹோஸ்ட்டில் சுமை கூடும்போது பத்து நொடி போதாமல் போகும். சுமை இல்லாதபோது அதே பத்து நொடி வீண்.

அதற்குப் பிறகும் ஆட்டம் நிற்கவில்லை என்றால், அது நிஜமான ஓட்டையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஐம்பதில் ஒருமுறை ஃபயர்வாலுக்கு முன் நெட்வொர்க் எழுந்துவிடுகிறது என்றால், ஐம்பது முறை கணினியைத் தொடங்குபவர் ஒருமுறை திறந்த கதவோடு இருக்கிறார். மறுபடி ஓட்டுவது அந்தத் தகவலை அழித்துவிடும்.

ஆன்டிவைரஸைச் சோதிக்க உண்மையான மால்வேர் வேண்டுமா?

இணைப்புகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்க ஐகார் கோப்பு போதும். 68 பைட் நீளமுள்ள, எந்தத் தீங்கும் செய்யாத ஒரு எழுத்துச்சரம். ஆன்டிவைரஸ்கள் அதை வைரஸ் போலவே நடத்த ஒப்புக்கொண்டிருக்கின்றன. கோப்பு வட்டில் விழுந்தால், ஜிப்புக்குள் இருந்தால், மின்னஞ்சல் இணைப்பாக வந்தால், பகிர்வு ஃபோல்டரில் இருந்தால் எச்சரிக்கை வருகிறதா, அது நிர்வாக சர்வர் வரை போய்ச் சேருகிறதா என்பதெல்லாம் இதிலேயே தெரியும். கண்டுபிடிக்கும் திறனைப் பற்றி மட்டும் அது எதுவும் சொல்லாது.

அதற்கு நிஜ மாதிரிகள் வேண்டும் என்றால் தனி ஹோஸ்ட், வெளியே வழியில்லாத நெட்வொர்க், பகிர்வு ஃபோல்டரும் கிளிப்போர்டும் அணைக்கப்பட்ட விஎம். விஎம்மின் சுவரும் உடையக்கூடியதே. 2015இல் வெளியான வெனம் என்ற குறை, விஎம்மின் வன்பொருளைப் பாவனை செய்யும் க்யூஎமுவின் ஃப்ளாப்பி கன்ட்ரோலரில் இருந்தது, யாருமே பயன்படுத்தாத ஒரு சாதனத்தில். தேவையில்லாத சாதனங்களை விஎம் அமைப்பிலிருந்து நீக்குங்கள். நிறுவனத்தின் மற்ற வேலைகள் ஓடும் ஹோஸ்ட்டில் இதைச் செய்ய வேண்டாம்.

கெர்னல் விழுந்துவிட்டால் டெஸ்ட்டுக்கு எப்படித் தெரியும்?

ஏற்பாடு இல்லையென்றால் தெரியாது. ‘நேரம் முடிந்தது’ என்று மட்டும் வரும், ஒருவர் அரை நாள் வீணாக்குவார். ஒவ்வொரு விஎம்மின் சீரியல் கன்சோலையும் ஹோஸ்ட்டில் ஒரு கோப்புக்குத் திருப்புங்கள். விழும்போது கெர்னல் கடைசியாகக் கத்துவது அங்கே இருக்கும். பிவிபேனிக் என்ற சாதனத்தைச் சேர்த்தால் விஎம் விழுந்த கணமே, விஎம்களை ஓட்டும் ஹைப்பர்வைசருக்குச் செய்தி வரும். ஃபெயில் ஆன விஎம்மின் அடுக்கு, சீரியல் பதிவு, பாக்கெட் பதிவு மூன்றையும் எடுத்துவைத்த பிறகே அழியுங்கள்.

இயங்குதளம், பதிப்பு என்று சேர்க்கைகள் பெருகிக்கொண்டே போகின்றன. எல்லாவற்றையும் ஓட்ட முடியுமா?

முடியாது. 6 இயங்குதளப் பதிப்பு, 4 ஏஜென்ட் பதிப்பு, 3 நெட்வொர்க் அமைப்பு, ஐபிவி6 உண்டு அல்லது இல்லை என்றாலே 144. எந்த இரண்டு அம்சத்தை எடுத்தாலும் அவற்றின் எல்லாச் சேர்க்கையும் ஒருமுறையாவது வரும்படி தேர்ந்தெடுத்தால் 24ஐ ஒட்டி முடித்துவிடலாம். முழுப் பட்டியலை வாரக் கடைசியில் ஓட்டலாம்.

ஆனால் வாடிக்கையாளர்களில் அதிகம் பேர் வைத்திருக்கும் சேர்க்கை எப்போதும் பட்டியலில் இருக்க வேண்டும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்கஃபீயின் 5958ஆம் விதிக்கோப்பு, விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3இன் சொந்தக் கோப்பான எஸ்விசிஹோஸ்ட்டையே வைரஸ் என்று பிடித்தது. கணினிகள் நெட்வொர்க்கை இழந்து திரும்பத் திரும்ப ரீபூட் ஆயின. அன்று அலுவலகங்களில் பரவலாக ஓடிய அந்தச் சேர்க்கை சோதனைப் பட்டியலில் விடுபட்டிருந்தது.

விஎம்மில் தெரியாமல் போகும் குறைகள் உண்டா?

உண்டு. ஒரே ஹோஸ்ட்டில் இருக்கும் விஎம்களுக்கு இடையே பாக்கெட் செக்சம் (பிழையைக் காட்டும் சரிபார்ப்பு எண்) பெரும்பாலும் கணக்கிடப்படுவதே இல்லை. முகவரி மாற்றும் நிரலில் செக்சம் தவறு இருந்தால் அது மறைந்தே இருக்கும். செக்சம் கணக்கைத் தள்ளிவிடும் ஆஃப்லோட் வசதியை அணைத்தும் ஒருமுறை ஓட்டுங்கள். சில மால்வேர்கள் சிபியுவிடம் ஹைப்பர்வைசர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இருந்தால் சும்மா உட்கார்ந்துவிடும். வைஃபை மாறுவது, மடிக்கணினியை மூடித் திறப்பது போன்றவற்றுக்கு இரண்டு மூன்று நிஜக் கணினிகளை வைத்துக்கொள்வதே நல்லது.

சிஐயில் (நிரல் மாறும்போதெல்லாம் டெஸ்ட்டைத் தானாக ஓட்டும் அமைப்பு) ஓட்டினால் பயங்கர மெதுவாக இருக்கிறது, ஏன்?

சிஐ இயந்திரமே ஒரு விஎம்மாக இருந்து, அதற்குள் கேவிஎம் கிடைக்காமல் க்யூஎமு எல்லாவற்றையும் மென்பொருளிலேயே பாவனை செய்து ஓட்டிக்கொண்டிருக்கும். பல மடங்கு மெதுவாகும். அடுக்கு மெய்நிகராக்கம் (விஎம்முக்குள் விஎம்) இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடும்படி எழுதுங்கள்.

அப்டேட்டையும் சோதிக்க வேண்டுமா?

புது விஎம்மில் புதுப் பதிப்பை நிறுவுவது மட்டுமே பலருடைய டெஸ்ட். வாடிக்கையாளர் யாரும் அப்படி வருவதில்லை. இரண்டு பதிப்பு பழையதிலிருந்து வருகிறார். பழைய பதிப்பு நிறுவிய இமேஜ்களைத் தனியாக வைத்திருங்கள். அப்டேட் நடக்கும்போதே நெட்வொர்க்கை அறுங்கள், வட்டை நிரப்புங்கள், விர்ஷ் டெஸ்ட்ராய் என்ற கட்டளை கொடுத்து விஎம்மைத் திடீரென்று நிறுத்துங்கள். கடைசியாகச் சொன்னது மின்சாரம் போவதற்குச் சமம் என்று பலர் நினைக்கிறார்கள். ஹோஸ்ட் உயிரோடு இருப்பதால் அதன் கேஷில் இருக்கும், இன்னும் வட்டுக்குப் போகாத தரவு தப்பிவிடும், ஆகவே நிஜம் இதைவிடக் கடுமையாக இருக்கும். விஎம் மறுபடி எழும்போது பழைய பதிப்போ புதியதோ ஏதாவது ஒன்று முழுதாக ஓடி, விதிகள் பொருந்தியிருக்க வேண்டும். அதை மேலே சொன்ன மூன்று படி டெஸ்ட்டாலேயே, எதிர்முனை விஎம்மிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.